டிவிடி பிளேயரின் மண்டலப் பூட்டு: வந்த காரணமும் திறக்கும் வழியும்

டிவிடி பிளேயர் ஒவ்வொன்றும் உலகின் ஏதோ ஒரு பகுதிக்கு உரியதாகவே தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிறது. சென்னையில் விற்பதற்கான பிளேயருக்கு எண் 5. லண்டனில் விற்பதற்கு 2. டொராண்டோவில் விற்பதற்கு 1. படம் பதிந்த வட்டிலும் இதே போன்ற எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் படம் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் திரையில் ஒரு வரி அறிவிப்பு வந்து, அதோடு எல்லாம் நின்றுவிடும். வட்டில் கீறல் இல்லை. பிளேயரில் பழுது இல்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுதான். இருந்தும் படம் ஓடாது. இதுவே மண்டலப் பூட்டு. கடைக்காரர்கள் பேச்சில் 'ரீஜியன் லாக்'.

இந்தப் பூட்டுக்குக் கருவியின் இயலாமை காரணமல்ல. எந்த மண்டலத்து வட்டையும் படிக்கும் திறன் எல்லாப் பிளேயருக்கும் உண்டு. படித்த பிறகு காட்ட மறுக்கும்படி அதற்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது. விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றில் அந்தக் கட்டளையை நீக்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. ரிமோட்டில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் போதும். அந்த வசதி அங்கே எப்படி வந்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கவனம் தேவை என்பதெல்லாம் பூட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

உலகத்தைப் பிரித்த எண்கள்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1997இல் அமெரிக்காவுக்கும் 1998இல் ஐரோப்பாவுக்கும் பரவியது. அதன் விதிமுறைகளை வகுத்தபோதே ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் வற்புறுத்தலால் உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது.

மண்டலம் 1: அமெரிக்காவும் கனடாவும். மண்டலம் 2: மேற்கு, மத்திய ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு நாடுகள், எகிப்து, தென்னாப்பிரிக்கா. மண்டலம் 3: தென்கிழக்கு ஆசியா, தென் கொரியா, தைவான், ஹாங்காங். மண்டலம் 4: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென் அமெரிக்கா. மண்டலம் 5: இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. மண்டலம் 6: சீனா. 7 பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படாமல் வைக்கப்பட்டது. 8 விமானம், கப்பல் போன்ற, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத இடங்களுக்கு. இவற்றில் எதற்கும் கட்டுப்படாத வட்டை 'ஆல் ரீஜியன்' அல்லது 'ரீஜியன் 0' என்பார்கள். வட்டு உறையின் பின்பக்கத்தில் சிறிய உலக உருண்டைப் படத்தின் நடுவே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

தமிழர்கள் வாழும் ஊர்களை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பூட்டின் விளைவு விளங்கும். சென்னையும் யாழ்ப்பாணமும் 5. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 3. லண்டன், பாரிஸ், துபாய், டர்பன் 2. டொராண்டோ 1. சிட்னியும் மெல்போர்னும் 4. சீனாவின் 6ஐத் தவிர மற்ற ஐந்து மண்டலங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பரவியிருக்கின்றன. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இது பெரிய இடராக இருக்கவில்லை. புலம்பெயர்ந்தோர் சந்தையையும் மனத்தில் வைத்து இந்தியப் படங்களின் டிவிடிகள் பெரும்பாலும் ஆல் ரீஜியனாகவே வெளிவந்தன. அதற்கு முன்பு வீடுகளை நிறைத்திருந்த விசிடியிலோ மண்டல எண் என்ற ஏற்பாடே கிடையாது. தடை எழுந்தது வேறு படங்களில்தான். அமெரிக்காவிலிருந்து அத்தை அனுப்பிய குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம், ஜப்பானியத் திரைப்படத் தொகுப்பு, லண்டன் கடையில் வாங்கிய தொலைக்காட்சித் தொடர் ஆகியவை சென்னை வீட்டில் ஓடாமல் நின்றன.

இந்தியாவின் சொந்தப் படைப்புகளே இந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டதும் உண்டு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட அப்பு வரிசைப் படங்கள் மூன்றும், மூல நெகட்டிவ்கள் தீயில் சேதமான பின்னரும் பெரும் உழைப்பால் மீட்கப்பட்டு, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தால் 2015இல் வட்டாக வெளியிடப்பட்டன. அந்த டிவிடி மண்டலம் 1க்கு உரியது. ராய் படமெடுத்த வங்காளத்தில் விற்ற பிளேயரின் எண் 5.

நாட்டுத் தலைவர்களுக்கும் இந்தச் சிக்கல் நேர்ந்தது. 2009 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வாஷிங்டன் சென்றபோது அதிபர் ஒபாமா 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைப் பரிசளித்தார். அவை அமெரிக்க மண்டல வட்டுகள் என்பதால் பிரிட்டனில் உள்ள பிளேயரில் ஓடவில்லை என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின.

பூட்டு போட்ட காரணம்

1990களில் ஒரு ஹாலிவுட் படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியாவதில்லை. திரையரங்குகளுக்குப் படம் பிலிம் சுருளாகப் போக வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் செலவு அதிகம். அமெரிக்காவில் ஓடி முடிந்த பிரதிகளே வேறு நாடுகளுக்கு அனுப்பப்படுவதும் வழக்கம். இதனால் அமெரிக்காவில் ஒரு படம் திரையரங்கை விட்டு நீங்கி வீட்டு வீடியோவாக வரும் நேரத்தில், வேறொரு நாட்டில் அது இன்னும் திரைக்கே வந்திருக்காது. அமெரிக்க வட்டு அந்த நாட்டுக்குள் வந்தால் திரையரங்கு வசூல் பாதிக்கும் என்பது ஸ்டுடியோக்களின் கவலை.

இரண்டாவது காரணம் உரிமை விற்பனை. ஒரே படத்தின் விநியோக உரிமையை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கு விற்பார்கள். பிரான்சில் உரிமை வாங்கியவருக்கு, கனடாவின் வட்டு தன் சந்தைக்குள் நுழையாது என்ற உறுதி தேவைப்பட்டது. மூன்றாவது காரணம் விலை. வாங்கும் சக்திக்கு ஏற்ப ஒரே படத்தை ஒரு நாட்டில் அதிக விலைக்கும் மற்றொரு நாட்டில் குறைந்த விலைக்கும் விற்க வேண்டுமானால், மலிவான வட்டு விலை அதிகமான நாட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது.

மூன்று காரணங்களும் வியாபாரம் சார்ந்தவை. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுப்பது அவற்றில் இல்லை. அதற்கென்று டிவிடியில் வேறு ஏற்பாடு இருக்கிறது. படத்தின் தரவைக் குழப்பிப் பதிந்து, உரிமம் பெற்ற கருவி மட்டும் அதைச் சீராக்கிக் காட்டும்படி செய்யும் சிஎஸ்எஸ் என்ற குறியாக்க முறை அது. 1999இல் நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் யோஹான்சன் என்ற இளைஞர் பங்கேற்று உருவான ஒரு சிறு நிரல் அதை உடைத்தது. அவர் மீது தொடரப்பட்ட வழக்கில், தான் வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமல்ல என்று 2003இல் நார்வே நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அவரே வென்றார்.

குறியாக்கமும் மண்டல எண்ணும் வெவ்வேறு என்றாலும் ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டவை. சிஎஸ்எஸ் சாவி இல்லாமல் ஸ்டுடியோ வட்டுகளை ஓட்டும் பிளேயரைச் சட்டப்படி தயாரிக்க முடியாது. அந்தச் சாவிக்கான உரிமத்தை வழங்கும் அமைப்போ, மண்டலப் பூட்டைப் பொருத்த வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்தது. தயாரிப்பாளர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பூட்டைப் போட்டே ஆக வேண்டியதாயிற்று.

எட்டு பிட்களில் ஒரு தடை

பூட்டு வேலை செய்யும் விதம் மிகவும் எளிமையானது. டிவிடி வட்டில் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதில் உள்ள முதன்மைத் தகவல் கோப்பில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் எட்டு பிட்கள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்தைக் குறிக்கும். பிட்டின் மதிப்பு 0 என்றால் அந்த மண்டலத்துக்கு அனுமதி. 1 என்றால் தடை. வலமிருந்து எண்ணினால், இந்திய மண்டலத்துக்கு மட்டும் உரிய வட்டில் ஐந்தாவது பிட் மட்டும் 0 ஆகவும் மற்ற ஏழும் 1 ஆகவும் இருக்கும். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொதுவாக அச்சடித்த வட்டில் இரண்டாவதும் நான்காவதும் 0. எட்டும் 0 என்றால் அது ஆல் ரீஜியன் வட்டு.

பிளேயரின் நினைவகச் சிப்பில் அதன் சொந்த மண்டல எண் பதிவாகியிருக்கும். வட்டைப் போட்டதும் பிளேயர் அந்த எட்டு பிட்களைப் படித்து, தன் எண்ணுக்கு உரிய பிட்டைப் பார்க்கும். அது 0 என்றால் படத்தைத் தொடங்கும். 1 என்றால் மறுக்கும். மண்டல எண்ணுக்காகப் படத்தின் தரவில் எந்த மாற்றமும் செய்யப்படுவதில்லை. பூட்டைத் திறப்பது என்றால், சிப்பில் உள்ள அந்த ஓர் எண்ணை மாற்றுவது, அல்லது ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒரு படியைத் தவிர்க்கச் செய்வது. கருவியைப் பிரிக்கவோ சால்டரிங் வைக்கவோ பெரும்பாலும் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

மலிவு பிளேயரில் சாவி உள்ளேயே இருப்பது ஏன்

2000க்குப் பிறகு டிவிடி பிளேயர்களின் விலை சரிந்தது. ஒரு பெயர்பெற்ற நிறுவனம் தன் சொந்தச் சிப்பை வடிவமைத்துப் பிளேயர் செய்த நிலை மாறி, மீடியாடெக், இஎஸ்எஸ், ஜோரன், சன்பிளஸ் போன்ற சிப் நிறுவனங்கள் ஒரு பிளேயருக்குத் தேவையான அத்தனை வேலையையும் ஓரிரு சிப்புகளில் அடக்கி விற்றன. அவற்றோடு, பிளேயரை இயக்கும் அடிப்படை மென்பொருளையும் தயாராகக் கொடுத்தன. சீனத் தொழிற்சாலைகள் அந்தச் சிப்பையும் ஒரு வட்டு இயக்கியையும் பெட்டிக்குள் பொருத்தி, வெவ்வேறு பிராண்டுகளின் பெயரில் உலகம் முழுவதும் அனுப்பின.

ஒரே தொழிற்சாலையில், ஒரே சர்க்யூட் போர்டில், ஒரே மென்பொருளோடு தயாரான பிளேயர் இந்தியாவுக்கும் போக வேண்டும், பிரேசிலுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி மென்பொருள் எழுதுவது வீண் செலவு. அதனால் மண்டல எண்ணைக் கடைசிக் கட்டத்தில், பேக்கிங்குக்கு முன்பு, ரிமோட் வழியாகவே போட்டுவிடும் வசதியை மென்பொருளில் வைத்தார்கள். தொழிற்சாலைப் பணியாளரும் சர்வீஸ் சென்டர் மெக்கானிக்கும் பயன்படுத்துவதற்கான அந்த மெனுவே வாங்கியவரின் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் ரகசிய மெனு. விலை உயர்ந்த பிளேயர்கள் சிலவற்றில் இதற்கென்று தனி சர்வீஸ் ரிமோட் வேண்டும். மலிவு பிளேயரில் அந்தச் செலவையும் மிச்சப்படுத்தி, கூடவே வரும் சாதாரண ரிமோட்டிலேயே வழி வைத்தார்கள்.

இந்த மறைவு மெனு உலகப் புகழ் பெற்றது 2000இல். அமெரிக்காவில் ஏபெக்ஸ் என்ற பிராண்டு ஏடி-600ஏ என்ற பிளேயரை 200 டாலருக்கும் குறைவாக விற்றது. அதன் மென்பொருளுக்குள் மண்டலத்தை மாற்றவும், வீடியோ கேசட்டில் நகலெடுப்பதைத் தடுக்கும் மேக்ரோவிஷன் குறுக்கீட்டை நிறுத்தவும் ஒரு மெனு இருந்தது. செய்தி பரவியதும் கடைகளில் அந்தப் பிளேயர் பறந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அந்த மெனு நீக்கப்பட்டது. ஆனால் விலை குறைந்த பிளேயரே எளிதில் திறக்கக்கூடியது என்ற உண்மை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உயர்ந்த விலையில் வாங்கியவருக்குக் கிடைக்காத சுதந்திரம், குறைந்த விலையில் வாங்கியவருக்குக் கிடைத்தது.

தடை உண்மையில் எது

பூட்டைத் திறக்க முனையும் முன்பு, படம் ஓடாததற்குக் காரணம் மண்டலம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பிளேயரின் பின்பக்கத்தில் அல்லது அடிப்பக்கத்தில் உலக உருண்டைக்குள் அதன் மண்டல எண் இருக்கும். வட்டு உறையின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரையில் 'ராங் ரீஜியன்', 'ரீஜியன் எரர்' போன்ற அறிவிப்பு வந்தால் சந்தேகமில்லை. 'நோ டிஸ்க்', 'பேட் டிஸ்க்' என்று வந்தால் காரணம் வேறு: வட்டில் கீறல், லென்ஸில் தூசு, அல்லது வட்டின் வகையையே அந்தப் பிளேயர் படிக்காதது. புளூ-ரே வட்டை டிவிடி பிளேயரில் போட்டாலும் இதே அறிவிப்பு வரும். அதற்கு எந்த ரகசிய எண்ணும் உதவாது.

மண்டலத்தோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று டிவி முறை. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா ஆகியவை பேல் முறையையும், அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவை என்டிஎஸ்சி முறையையும் பின்பற்றின. பேல் வட்டில் ஒரு காட்சிச் சட்டத்துக்கு 576 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள். என்டிஎஸ்சி வட்டில் 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே மண்டலம் 2இல் இருந்தாலும் டிவி முறை வேறு. ஆகவே மண்டலம் திறந்த பின்னும் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது மேலும் கீழுமாக உருளலாம். செட்டப் மெனுவில் 'டிவி டைப்' என்ற இடத்தில் பேல், என்டிஎஸ்சி, மல்டி அல்லது ஆட்டோ என்ற தேர்வுகள் இருக்கும்; அதை டிவிக்கு ஏற்ப மாற்றினால் சரியாகிவிடும். மலிவு பிளேயர்கள் பல, ஒரு முறையில் பதிந்த படத்தை மற்றொன்றாக மாற்றித் தரவும் செய்யும். எச்டிஎம்ஐ இணைப்புள்ள பிளேயரையும் இன்றைய எல்இடி டிவியையும் சேர்த்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து பிளேயரையே கொண்டுவந்தவர்கள் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பின்பக்கத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நேரடியாக இந்திய மின்சாரத்தில் செருகக் கூடாது. செருகினால் பிளேயர் எரிந்துபோகும்.

ரிமோட் வழியாகத் திறப்பது

முதல் தேவை பிளேயரின் முழு மாடல் எண். பிராண்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் சிப் இருக்கும், அவற்றின் ரகசிய வரிசையும் வேறுபடும். எண்ணின் கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எழுத்தையும் எண்ணையும்கூட விடக் கூடாது. அது அந்தப் பிளேயர் எந்த நாட்டுக்காகத் தயாரானது என்பதைக் காட்டுகிறது. அதன்படி மென்பொருளும் மாறலாம்.

பொத்தான் வரிசைகள் மாடலுக்கு மாடல் மாறினாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். பிளேயரை இயக்கி, உள்ளே வட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; சில மாடல்களில் ட்ரே வெளியே நீண்டிருக்க வேண்டும். செட்டப் பொத்தானை அழுத்தி மெனுவுக்குள் போய், குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் நின்று, எண் பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். வரிசை சரியாக இருந்தால் திரையில் மண்டல எண்ணோ மென்பொருள் பதிப்பு விவரமோ தோன்றும். அங்கே மேல், கீழ் அம்புக்குறிகளால் எண்ணை மாற்றலாம்.

2000களின் நடுவில் அமெரிக்காவில் பரவலாக விற்ற பிலிப்ஸ் டிவிபி 642 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டு இல்லாமல் செட்டப் மெனுவைத் திறந்து, 'பிரிஃபரன்ஸ்' பக்கத்துக்குப் போய், 1 3 8 9 3 1 என்று அழுத்தினால் மண்டல எண் திரையில் வரும். அம்புக்குறியால் அதை 0 ஆக்கிவிட்டு மெனுவை மூடினால் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தப் பிளேயர் எந்த மண்டலத்து வட்டையும் ஏற்கும்.

எல்லா மண்டலங்களையும் குறிக்கும் எண் பல பிளேயர்களில் 0, சிலவற்றில் 9. மாற்றியதும் பிளேயரை முழுவதுமாக அணைத்து, சில நொடிகள் கழித்து மீண்டும் இயக்கினால் புதிய எண் நிலைத்திருக்கிறதா என்று தெரியும். பிறகு வேறு மண்டல வட்டு ஒன்றைப் போட்டுச் சோதிக்க வேண்டும். வரிசை வேலை செய்யாவிட்டால் அவசரப்பட வேண்டியதில்லை. தவறான எண்களை அழுத்துவதால் பொதுவாகப் பிளேயருக்குக் கேடு வராது. பொத்தான்களுக்கு இடையே இடைவெளி அதிகமாகிவிட்டதா, சரியான பக்கத்தில் நின்று அழுத்தியதா என்று பார்த்து மறுபடி முயலலாம்.

கேடு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. மறைவு மெனுவில் மண்டலத்தோடு லேசர், மோட்டார், ட்ரே ஆகியவற்றுக்கான அமைப்புகளும் இருக்கலாம். அவை சர்வீஸ் மெக்கானிக்குக்கு உரியவை. தொடாமல் விடுவதே நல்லது. எதையும் மாற்றும் முன் பழைய மதிப்புகளைத் தாளில் எழுதிக்கொள்வதும், திரையை மொபைலில் படமெடுத்து வைப்பதும் பின்னர் உதவும்.

ஃபர்ம்வேர் என்ற கடைசி வழி

சில மாடல்களில் ரிமோட் வரிசை இருக்காது. அவற்றுக்கு, பிளேயரை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றும் வழி இருக்கலாம். மாற்று மென்பொருள் கோப்பைக் காலி சிடியில், பிளேயர் எதிர்பார்க்கும் அதே பெயரில் பதிந்து, உள்ளே போட்டால் பிளேயர் அதைக் கண்டுகொண்டு புதுப்பிக்கலாமா என்று கேட்கும். யுஎஸ்பி உள்ள மாடல்களில் பென் டிரைவே போதும்.

இந்த வழியில் ஆபத்து அதிகம். வேறு மாடலுக்கான கோப்பைப் போட்டாலும், பாதியில் மின்சாரம் போனாலும் பிளேயர் மறுபடி உயிர்பெறாமல் போகலாம். மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் இணைத்துச் செய்வதே பாதுகாப்பு. கோப்பு அதே மாடலுக்கானதுதான் என்று முழு உறுதி இல்லாவிட்டால் இதில் இறங்காமல் இருப்பதே மேல். உத்தரவாதக் காலம் முடியாத பிளேயருக்கு இப்படிச் செய்தால், பின்னர் பழுதாகும்போது நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம்.

ஸ்டுடியோக்களின் பதில்

பிளேயர்கள் பரவலாகத் திறக்கப்படுவதைக் கண்ட ஸ்டுடியோக்கள் 2000இல் கூடுதல் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தன. ஆர்சிஇ என்ற அந்த முறையில், சோதிக்கும் வேலையைப் பிளேயரிடம் விடாமல் வட்டே செய்யும். டிவிடி வட்டில் மெனுக்களை இயக்குவதற்கான சிறு கட்டளைகள் உண்டு. அவற்றில் ஒன்று, பிளேயரின் எந்தப் பதிவேட்டில் மண்டல எண் இருக்கிறதோ அதைப் படித்துப் பார்க்கும். அங்கே 1 இருந்தால்தான் படம் தொடங்கும். எல்லா மண்டலமும் என்று அமைத்த பிளேயர் அங்கே வேறு மதிப்பைக் காட்டுவதால், வட்டு அதைப் பிடித்துக்கொண்டு உலக வரைபடத்தோடு ஒரு மறுப்பு அறிவிப்பைக் காட்டும். 'தி பேட்ரியட்' படத்தின் அமெரிக்க டிவிடி இந்த முறையோடு முதலில் வந்தவற்றில் ஒன்று.

இதற்கும் தீர்வு எளிதாகவே அமைந்தது. பிளேயரை 0இல் வைக்காமல், அந்த வட்டுக்காக மட்டும் 1இல் வைத்துவிட்டால் வட்டு கேட்கும் கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிடும். ஆகவே பிளேயரைத் திறக்கத் தெரிந்துகொள்பவர் 0ஐ மட்டுமல்லாமல், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு மாற்றுவதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆல் ரீஜியன் ஆக்கிய பிளேயரில் ஓர் அமெரிக்க வட்டு மட்டும் அடம்பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கணினியில் நிலைமை வேறு. 2000க்குப் பிறகு தயாரான டிவிடி டிரைவுகளில் ஆர்பிசி-2 என்ற முறை வந்தது. அதில் மண்டல எண் டிரைவின் உள்ளேயே பதிவாகும். பயனர் ஐந்து முறை மட்டும் அதை மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்த எண்ணே நிலைத்துவிடும். வெவ்வேறு மண்டல வட்டுகள் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தால் வாய்ப்பு விரைவில் தீர்ந்துவிடும். இரண்டாவதாக ஒரு விலை குறைந்த யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கி, அதை வேறு மண்டலத்துக்கென நிலையாக வைத்துக்கொள்வது நல்ல வழி. விஎல்சி போன்ற இலவச மென்பொருள், டிரைவின் மண்டல எண் பொருந்தாத வட்டுகளையும் பல நேரங்களில் ஓட்டிக் காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

மண்டலப் பூட்டைப் பற்றிச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் தொழில்நுட்பக் காப்புகளைத் தாண்டுவதைக் கடுமையாகத் தடுக்கிறது. ஐரோப்பாவில் 2001இல் ஐரோப்பிய ஆணையத்தின் போட்டித்துறை ஆணையர் மாரியோ மோன்டி, டிவிடி விலை அமெரிக்காவைவிட ஐரோப்பாவில் அதிகமாக இருக்க மண்டலப் பூட்டு காரணமாகிறதா என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார்.

நுகர்வோர் பக்கம் தெளிவாக நின்றவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். ஆஸ்திரேலியா 2006இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பிரிப்பதற்காக மட்டும் படங்களில் வைக்கப்படும் மண்டலப் பூட்டு சட்டப் பாதுகாப்புக்கு உரிய காப்பு ஆகாது என்று விலக்கு அளித்தது. நியூசிலாந்தும் 2008 திருத்தத்தில் அதே வழியில் சென்றது. வேறு நாட்டில் நேர்மையாக வாங்கிய வட்டைச் சொந்த வீட்டில் பார்ப்பது குற்றமாகக் கூடாது என்ற கொள்கைக்கு இந்தச் சட்டங்கள் வடிவம் கொடுத்தன.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பதிப்புரிமை பெற்றவரின் உரிமைகளை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பக் காப்பைத் தாண்டுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. அந்தப் பிரிவில் எடை மிகுந்த சொல் 'நோக்கம்'. நகலெடுத்து விற்பதற்காகக் காப்பை உடைப்பதும், காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டை வீட்டில் பார்ப்பதற்காகப் பிளேயரின் மண்டல எண்ணை மாற்றுவதும் ஒன்றல்ல. மண்டலப் பூட்டைத் திறந்த பிளேயரில் படம் ஓடுமே தவிர, அதனால் ஒரு நகல்கூட உருவாவதில்லை. வட்டின் குறியாக்கமும் அப்படியே இருக்கிறது.

பூட்டின் இன்றைய நிலை

2006இல் வந்த புளூ-ரே, மண்டலங்களை மூன்றாகக் குறைத்தது: அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பான், தென்கிழக்கு ஆசியாவும் ஏ; ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி; இந்தியா, சீனா, ரஷ்யா சி. அதன் பூட்டைத் திறப்பது டிவிடியைவிடக் கடினம். சில மாடல்களுக்கு மட்டும் ரிமோட் வழி உண்டு, மற்றவற்றுக்குத் தனிச் சிப் பொருத்த வேண்டும். ஆனால் ஒரு புளூ-ரே பிளேயரின் டிவிடி மண்டலமும் புளூ-ரே மண்டலமும் வெவ்வேறு. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. 2016இல் சந்தைக்கு வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளில் மண்டல எண்ணே இல்லை. பெரிய படங்கள் உலகம் முழுவதும் ஒரே வாரத்தில் டிஜிட்டலாக வெளியாகத் தொடங்கியபின், பூட்டுக்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணமே மறைந்துவிட்டது. உரிமைகளை நாடு நாடாகப் பிரித்து விற்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒரு நாட்டில் கிடைக்கும் படம் மற்றொரு நாட்டில் கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணம்.

ஆனால் பழைய வட்டுகளில் எழுதப்பட்ட எட்டு பிட்கள் அழிவதில்லை. ஸ்ட்ரீமிங்கில் இன்னும் வராத படங்களும், வந்து மறைந்த படங்களும் டிவிடியில் மட்டுமே கிடைக்கின்றன. இயக்குநரின் விளக்க உரை, நீக்கப்பட்ட காட்சிகள், படம் உருவான கதை போன்ற இணைப்புகள் பெரும்பாலும் வட்டோடு நின்றுவிட்டவை. நூலகங்களும் திரைப்படச் சங்கங்களும் சேகரிப்பாளர்களும் பல நாட்டு வட்டுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அவற்றைத் திரையிட மண்டலக் கட்டு இல்லாத பிளேயர் ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும்.

அத்தகைய பிளேயரை இப்போது தேடுபவர்களுக்கு எளிய வழி, விலை குறைந்த பழைய மாடல் ஒன்றை வாங்குவதுதான். வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். மாடல் எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறதா, அந்த மாடலுக்கு ரிமோட் வழி உண்டா, அதன் அசல் ரிமோட் கூடவே வருகிறதா. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் கிடைக்கும் பொது ரிமோட்டுகளில் பிளே, ஸ்டாப் பொத்தான்கள் வேலை செய்தாலும், செட்டப் பொத்தானோ எண் பொத்தான்களோ சரியாகப் பொருந்தாமல் போவது உண்டு. பிளேயரின் முகப்பில் அந்தப் பொத்தான்கள் இருப்பதும் இல்லை. அசல் ரிமோட் தொலைந்தால் மறைவு மெனுவுக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும். ஆகவே பிளேயர் கைக்கு வந்ததும், ரிமோட் நல்ல நிலையில் இருக்கும்போதே, மண்டல எண்ணை மாற்றி, வரிசையையும் பழைய எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பிளேயரின் அடியில் ஒட்டி வைப்பது நல்லது.